நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி

2025ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழு மணி இருபத்து நான்கு நிமிடத்துக்கு ராசாங்கம் இறந்தார். அவர் இறந்த விதத்தை ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். "நெட் ஸ்லோவாம், டிவி சுத்திக்கிட்டே இருந்துச்சாம், மனுசன் டென்சன் ஆயி போயிட்டாராம்" என்கிறார் ஒருவர். "அதெல்லாம் இல்ல, முந்திரிக்காட்டுல ஏதோ அடிச்சிருச்சு" என்கிறார் மற்றவர். இருவர் கதையிலும் ஒரு பெண்ணின் பெயர் இல்லை. என் குறை அதுதான். எழுவாயை விழுங்கிவிட்டுப் பயனிலையை நீட்டி முழக்குகிறவர்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். தேநீர்க்கடையில் அது முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

நான் இதைக் கேட்டது ராசாங்கத்தின் கருமாதி இரவில். என்னோடு ஒரே பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு நடத்திய நல்லுசாமியின் வீடு. ராசாங்கம் அவருக்குச் சித்தப்பா மகன். கூடத்தில் எட்டுப் பேர். வெளியே கார்த்திகை மழை. மின்சாரம் போய்விட்டது. சொன்னவர் சுமதி. இணைய இணைப்புக் கொடுக்கும் தொழிலைத் தனியாளாக நடத்துபவர். ராசாங்கத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தவர். கதையில் வரும் பேச்சையெல்லாம் அவர் பேசிக் காட்டியபடியே எழுதுகிறேன். திருத்தவில்லை. திருத்தக் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

நெருங்கி உட்காருங்கள்.

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்தரை மணி. கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சற்று முன்னால் பெரிய சாலையை விட்டுப் பிரிகிறது ஒரு செம்மண் பாதை. இருபுறமும் முந்திரிக்காடு. கிளைகள் தரையைத் தொட்டுக் கிடக்கும்... பகலிலேயே உள்ளே இருட்டு. ஒன்றரை மைல் போனால் ஒரே ஒரு வீடு. சுமதியின் வண்டிச் சக்கரத்தில் சேறு அப்பியது. நனைந்த சருகின் வாடை. வேறு வாடை எதுவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராசாங்கத்துக்கு அறுபத்தெட்டு வயது. வேளாண்மைத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே மகள் மஞ்சு கனடாவில். தனியாக இருக்கும் தந்தையை அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்ளக் கூடத்துச் சுவரில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. விசேஷத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் பன்னிரண்டு. அவற்றுள் பதினொன்று ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. மிச்சம் ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார், தொலைக்காட்சிக்கு எதிரே.

"வாம்மா சுமதி. படம் தடுக்குதும்மா. வுட்டு வுட்டு வருது."

"எந்தப் படங்க ஐயா?"

"எங்க மஞ்சு கல்யாணம்."

"ஊருல எல்லாரும் மேட்ச் பாக்க முடியலன்னு கூப்புடுவாங்க. பத்தொம்பது வருசத்துக்கு முன்னாடி நடந்த கல்யாணத்த பாக்க முடியலன்னு கூப்புட்ட மொத கஸ்டமரு நீங்கதான்."

அவர் ரிமோட்டை எடுத்து நீட்டினார்.

திருமணம் 2006ஆம் ஆண்டு வைகாசியில், ஜெயங்கொண்டத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. வீடியோ நாடாவில் எடுத்து டிவிடி வட்டில் பதிந்து கொடுத்தார்கள். சென்ற முறை மஞ்சு வந்தபோது அந்த வட்டில் இருந்ததை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, உள்ளறையில் இருந்த சிறிய கணினியில் செருகிவைத்தாள். அங்கிருந்து வைஃபை வழியே, தொலைக்காட்சியோடு இணைத்த ஒரு சிறு பெட்டி மூலமாகக் கூடத்துத் திரைக்குப் படம் வரும். பொத்தானை அழுத்தினால் போதும்.

பழைய படத்துக்காக ஆளை அழைத்ததற்குக் காரணம் உண்டு. மஞ்சுவுக்கு மூன்று வயதாகும்போதே தாய் காய்ச்சலில் போய்விட்டாள். வளர்த்தது ராசாங்கத்தின் அக்கா வீரம்மாள். இருபத்தாறு வயதில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்து, அந்த வீட்டு அடுப்பிலேயே முப்பத்தொரு ஆண்டுகள் நின்று, 2011இல் இறந்துபோனவர். அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. குடும்ப அட்டையில் முகம் இருந்த இடத்தில் கறுப்பு மை. வாக்காளர் அட்டை சாவு வீட்டுக் கலவரத்தில் தொலைந்துவிட்டது. இப்போது கனடாவில் மஞ்சுவின் மகள் கேட்கிறாளாம், உன்னை வளர்த்தவர் எப்படி இருப்பார் என்று. "அப்பா, அத்தை முகம் எனக்கே மறந்துபோச்சுப்பா. கல்யாண வீடியோவுல இருக்கும்ல? ஒரே ஒரு எடத்துல நிறுத்தி எடுத்து அனுப்புங்க." இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இதையே கேட்டாள். இரண்டு மாதமாக அவரும் ஒரே பதிலையே சொன்னார். "வீடியோ தடுக்குதும்மா. சரிபண்ணி அனுப்பறேன்."

சுமதி வேலையைத் தொடங்கினார். வைஃபை பெட்டி இரும்புப் பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

"இரும்புக்குப் பின்னாடி அடைச்சு வெச்சா அது என்னங்க பண்ணும்? மூச்சுத் திணறும்ல?"

எடுத்து வெளியே மாட்டினார். படம் தடுக்கியது. வைஃபையே வேண்டாம் என்று உள்ளறையிலிருந்து கூடம் வரை கம்பி இழுத்தார். படம் தடுக்கியது. பிறகு தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் போனார். ஊர்வலத்தில் நடக்கிறவர்கள் எல்லோரும் நொண்டி நடப்பது போலத் தெரிந்ததை அப்போதுதான் கவனித்தாராம்.

"இந்தப் படம் ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு ஃப்ரேம், இருபத்தஞ்சு தனித்தனி போட்டோ மாதிரி, ஓடுதுங்க. உங்க டிவி அறுபது தடவ காட்டுது. இருபத்தஞ்ச அறுபதுல எப்படிப் பங்கு போடுறது? ஒண்ண ரெண்டு தடவ காட்டுது, அடுத்தத மூணு தடவ காட்டுது. அதான் நொண்டுது."

அறுபதை ஐம்பது ஆக்கினார். ஒன்றுக்கு இரண்டு, பங்கு சரியாகிவிட்டது. ஊர்வலம் தண்ணீர் போல நகர்ந்தது. நாகசுரக்காரர் கன்னம் சீராக உப்பி இறங்கியது.

"பாருங்க, வெண்ணெயாட்டம் ஓடுது."

ராசாங்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்... எதற்கோ காத்திருப்பவர் போல. மணமேடையில் மஞ்சு வந்து உட்காரும் இடம். படம் டக்கென்று குதித்தது. மறுபடி மாலை மாற்றும் இடம். குதித்தது. பந்தி. குதித்தது. கடைசி வரை ஓட்டி சுமதி எண்ணினார். பதினேழு இடங்கள். மற்ற இடமெல்லாம் வெண்ணெய். அந்தப் பதினேழு இடத்தில் மட்டும் கல்.

"டிவியோட மாட்டியிருக்குற பொட்டியில கோளாறு இருக்கலாம். ஞாயித்துக்கெழம வேற பொட்டி கொண்டாரேன்."

"கண்டிப்பா வாம்மா. அந்தப் பதினேழு எடமும் எனக்கு வேணும்."

இனி நவம்பர் 23.

சுமதி புதுப் பெட்டியோடு வந்தபோது மணி ஐந்தே முக்கால். மாட்டினார், ஓட்டினார். அதே பதினேழு இடம். அதே குதிப்பு. அதன்பிறகுதான் திரையின் மூலையில் எண்களை வரவழைத்தார். ஓடும் படத்தில் எத்தனை ஃப்ரேம் வழியில் விழுந்துபோயின என்று அந்தப் பெட்டியே எண்ணிச் சொல்லும். படம் குதித்தது. எண்ணைப் பார்த்தார்.

பூச்சியம்.

அடுத்த இடம். குதித்தது. பூச்சியம். பதினேழு இடத்திலும் பூச்சியம்.

சுமதி ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"ஐயா, பொட்டி எதையும் தொலைக்கல. கம்பியும் தொலைக்கல. இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே இல்ல. யாராச்சும் வெட்டினாங்களா?"

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற ஒலி மட்டும். ராசாங்கம் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான்தாம்மா வெட்டச் சொன்னேன்."

திருமணம் முடிந்து மூன்றாவது வாரம். சம்பந்தி வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய் முகத்தைச் சுளித்திருக்கிறார். "பொண்ணு மேடைக்கு வர்றப்ப கூடவே அந்தம்மா வருது. தலையில பூ வெக்கிறதும் அந்தம்மா. நல்ல காரியத்துப் படத்துல இது நல்லாவா இருக்கு?" ராசாங்கம் மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனார். அக்கா வரும் இடத்தையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். ஸ்டுடியோக்காரர் அன்பழகன் ஒரு முறைக்கு இரு முறை கேட்டிருக்கிறார். "சார், மொத்தம் நாலு நிமிசம் பன்னண்டு செகண்ட் கொறையுது. பரவால்லையா?" பரவாயில்லை என்றார். நாடாவின் மேல் அன்பழகன் வேறொரு திருமணத்தை எடுத்துவிட்டார். அந்த நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி உலகத்தில் எங்கும் இல்லை.

வெட்டிய படத்தை இந்தக் கூடத்தில்தான் போட்டார்கள். பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்திருந்தன. வீரம்மாள் கதவோரம் நின்று பார்த்தார். மூன்று மணிநேரமும் நின்றார். தான் எங்கும் வராததைக் கடைசி வரை பார்த்தார். முடிந்ததும், "நல்லா வந்திருக்கு தம்பி" என்றாராம். வாளியை எடுத்துக்கொண்டு சாம்பார் சூடுபண்ணப் போய்விட்டாராம்.

"அதுக்கப்புறம் அஞ்சு வருசம் இருந்துச்சு. ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நானும் அழுதிருப்பேன்."

சுமதி கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினார்.

"எனக்கும் வூட்டுக்காரரு போயி ஆறு வருசம் ஆவுதுங்க. எங்க நாத்தனார் பொண்ணு சடங்குக்கு நெட் கனெக்சன் குடுத்து கனடாவுக்கும் துபாய்க்கும் லைவ் போட்டதே நான்தான். கேமராவுக்குப் பின்னாடி நின்னேன். முன்னாடி வரவேணாம்னுட்டாங்க."

ராசாங்கம் தலை நிமிரவில்லை.

"மஞ்சுகிட்ட என்னம்மா சொல்லுவேன்?"

"உண்மையச் சொல்லுங்க. படம் தடுக்குதுன்னு இன்னும் எத்தன வாரத்துக்கு என் தலையில கட்டுவீங்க?"

"ஏழேகாலுக்குக் கூப்புடும். இன்னிக்கே சொல்லிடறேன்."

ரிமோட்டை வாங்கி அவரே பின்னோக்கி ஓட்டினார். முதல் குதிப்பின் விளிம்பில் நிறுத்தினார். மணமேடை. மஞ்சு தலையைச் சற்றே சாய்த்திருக்கிறாள், பூ வைக்கத் தலை கொடுப்பவள் போல. அவளுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள். நடுவே யாரும் இல்லை. மஞ்சுவின் கன்னத்தில் மட்டும் ஒரு சிறு குழிவு... ஒரு கட்டைவிரல் அழுத்தினால் எவ்வளவு குழியுமோ அவ்வளவு.

"போன செவ்வாக்கெழம இது இருந்துச்சாங்க?" என்றார் சுமதி.

அவர் மூலையில் இருந்த எண்ணைக் காட்டினார்.

படம் நின்றுகொண்டிருக்கிறது. ஓடவில்லை. ஓடாத படத்தில் ஃப்ரேம் விழ வழியில்லை. ஆனால் எண் ஏறியது. இருபத்தைந்து. ஐம்பது. எழுபத்தைந்து. நொடிக்கு இருபத்தைந்தாக, பிசகாமல். சுமதி பெட்டியின் மின்சாரத்தையே பிடுங்கினார். திரை அணைந்தது. திரும்பச் செருகினார். அதே படம் வந்தது. மூலையில் எண் விட்ட இடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது... மின்சாரம் இல்லாத நேரத்தையும் சேர்த்து. ஆறாயிரத்து முந்நூறில் நின்றது. அதன்பின் அசையவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. நீர் தெளித்து அணைத்த விறகடுப்பின் வாடை. ஈரச் சாம்பல். அந்த வீட்டில் விறகடுப்பு இடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

"நீ கெளம்பும்மா. பொழுது போச்சு" என்றார் ராசாங்கம்.

குரலில் பயமில்லை என்று சுமதி சொன்னார். வெகுநாள் கழித்து வீட்டுக்கு விருந்தாளி வரப்போகிறவரின் குரல் போல இருந்ததாம்.

மணி ஏழு. செம்மண் பாதை. வண்டியின் விளக்கு முந்திரிக் கிளைகளின் அடியில் மட்டும் பட்டது. பாதி வழியில் எதிரே யாரோ வருவது போல ஓர் ஒலி. வெறுங்கால் சேற்றில் பதிந்து எழும் ஒலி. மெட்டிச் சத்தம் இல்லை. நான்கடிக்கு ஒரு தரம் வாளியின் கைப்பிடி மடங்கி, விளிம்பில் மோதி... டிங். மறுபடி நான்கடி. டிங். சுமதி வண்டியை ஓரங்கட்டினார். யாராவது வேலை முடிந்து வரும் அம்மாவாக இருக்கும் என்று வழிவிட்டாராம். ஒலி அவரைக் கடந்து போயிற்று. வீட்டுப் பக்கமாக. விளக்கு வெளிச்சத்தில் சேறு தெரிந்தது. சேற்றில் அவருடைய சக்கரத் தடம் மட்டுமே இருந்தது.

பெரிய சாலைக்கு வந்து சேர்ந்தார். ஒரு சிமெண்ட் லாரி போயிற்று. கைப்பேசி அடித்தது. மஞ்சு. இணைப்பு அவள் பெயரில் எடுத்ததால் சுமதியின் எண் அவளிடம் இருந்தது.

"அக்கா, நீங்க இன்னும் எங்க வீட்டுலயா இருக்கீங்க?"

"இல்லம்மா. மெயின் ரோட்டுக்கு வந்துட்டேன். ஏன்?"

மஞ்சு அவசரமாகப் பேசினாள்.

"அப்பா பேசிக்கிட்டே இருந்தாரு. ஒரு உண்மை சொல்லணும்மான்னாரு. அப்புறம் வாசப்பக்கம் பாத்தாரு. போனக் கீழ வெச்சுட்டாரு. இப்ப கேமராவுல பாத்துட்டிருக்கேன்..."

"சொல்லும்மா."

"மூலையிலேருந்து ஒரு நாற்காலி எடுத்துத் தொடைக்கிறாரு. தன் பக்கத்துல போடுறாரு. நீங்க அங்க இல்லன்னா அப்பா அத யாருக்கு போடுறாரு?"

சுமதி வண்டியைத் திருப்பினார்.

"அக்கா... படம் நின்னுருச்சு. அக்கா, படம் குதிச்சிருச்சு."

சுமதி போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, ஒலி இல்லை. ராசாங்கம் நாற்காலியில் சாய்ந்து, பக்கத்து நாற்காலியின் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். உடம்பு சூடாகத்தான் இருந்தது. மூச்சு இல்லை. பக்கத்து நாற்காலியின் கீழே தரையில் வட்டமாக ஓர் ஈரத்தடம். வாளியின் அடி அளவு.

மாரடைப்பு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். நான் மறுக்கவில்லை. கேமராவின் பதிவை நல்லுசாமி கணக்காசிரியருக்கு உரிய பொறுமையோடு பத்து முறை பார்த்தார். சுவர்க் கடிகாரம் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஏழு மணி இருபது நிமிடம் மூன்று நொடிக்கு அவர் நாற்காலியைப் போட்டுவிட்டு நிமிர்கிறார். அடுத்த ஃப்ரேமில் கடிகாரம் ஏழு மணி இருபத்து நான்கு நிமிடம் பதினைந்து நொடி, அவர் சாய்ந்திருக்கிறார். இடையில் ஒன்றுமில்லை. தாளில் எழுதிப் பெருக்கிக் காட்டினார். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. இருநூற்று ஐம்பத்திரண்டு நொடி. நொடிக்கு இருபத்தைந்து வீதம் ஆறாயிரத்து முந்நூறு.

இவ்வளவும் சுமதி சொல்லி முடித்தபோது கருமாதி இரவு மணி எட்டரை. யாரும் எழுந்திருக்கவில்லை. மஞ்சுவும் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். கனடாவிலிருந்து வந்து பதினான்கு நாள் ஆகியும் ஒரு சொட்டுக்கூட அழாதவள். மின்சாரம் வந்தது. "பெரியப்பா, அந்த டிஸ்கப் போடுங்க" என்றாள்.

நல்லுசாமி தயங்கினார். "வேணாம்டா கண்ணு, இன்னிக்கு எதுக்கு..."

"போடுங்க."

போட்டார். நல்லுசாமி வீட்டுத் தொலைக்காட்சி பழையது. அதில் யாரும் எந்த அமைப்பையும் மாற்றவில்லை. ஆயினும் படம் ஓர் இடத்திலும் குதிக்கவில்லை.

அவர் வந்தார். சாயம்போன கத்தரிப்பூ நிறப் புடவை. மூக்குத்தி இல்லாத மூக்கு. மேடைக்கு வரும் மஞ்சுவின் முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தார். பூவைச் சரிசெய்தார். கன்னத்தில் இருந்த மையைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். பந்தியில் வாளியோடு நடந்தார். கைப்பிடி மடங்கும் ஒலியை எட்டுப் பேரும் கேட்டோம். ஓர் இடத்தில் நின்று கேமராவை நேராகப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்.

"அத்தை" என்றாள் மஞ்சு. கைப்பேசியை எடுத்து அந்த முகத்தைப் படம் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். சுமதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து மஞ்சு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "பெரியப்பா, அப்பா எங்க?"

நாங்கள் திரும்ப முதலிலிருந்து போட்டோம். ராசாங்கம் எங்கும் இல்லை. மேடையில் மாப்பிள்ளை குனிந்து காலைத் தொடுகிறார். அங்கே கால் இல்லை. வாசலில் வருகிறவர்கள் வெற்றிடத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். ஒரு சால்வை யாருடைய தோளிலும் விழாமல் கீழே விழுகிறது.

இங்கே நிறுத்தினால் நானும் அந்தத் தேநீர்க்கடைப் பேச்சுக்காரர்களில் ஒருவனே. இன்னும் ஒன்று இருக்கிறது.

அந்தத் திருமணத்தில் வாழ்த்துரை வழங்கியவன் நான். பெண்ணின் பெருமை என்பது தலைப்பு. பதினொரு நிமிடம். நான் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது வீரம்மாள் தட்டோடு மேடையேறி மகளுக்குப் பின்னால் வந்து நின்றார். சம்பந்தியம்மாள் ராசாங்கத்தைப் பார்த்தார். ராசாங்கம், "அக்கா, நீ போயி பந்தியப் பாரு" என்றார். மனைவியை இழந்தவர் மேடையில் நின்றார்; கணவனை இழந்தவரைக் கீழே இறங்கச் சொன்னார். வீரம்மாள் இறங்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. மண்டபம் முழுவதும் என் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என் வாக்கியத்தை முடித்தேன். ஒரு பிழையும் இல்லாமல் முடித்தேன். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

கருமாதி இரவு அந்தப் படத்தில், ராசாங்கம் நின்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்க, இதையெல்லாம் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கும் பார்வையை என் வயதான கண்களால் முழுமையாகப் பார்த்தேன். மறுநாள் மஞ்சுவிடம் கேட்டு அதன் நகல் ஒன்று வாங்கிவந்தேன்.

என் வீட்டிலும் நான் ஒருவன்தான். மனைவி போய் ஏழாண்டுகள். மகன் பெங்களூரில். தினமும் மாலையில் அந்தப் படத்தைப் போடுகிறேன். முதல் நாள் என் உரை பதினொரு நிமிடம் இருந்தது. பொங்கலன்று பத்து. மேடையில் நான் வாய் திறக்கிறேன், படம் குதிக்கிறது, வாயை மூடியிருக்கிறேன். சுமதியை அழைத்தேன். வந்தார். கம்பியைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. மூலையில் எண்ணை மட்டும் வரவழைத்துக் காட்டினார். பூச்சியம்.

"தமிழய்யா, இது என் கையில இல்லீங்க" என்றார்.

நேற்று ஒன்பது நிமிடம். வீட்டில் எரிவாயு அடுப்புதான். ஈரச் சாம்பல் வாடை வருகிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு திருமணப் படம் இருக்கும். இன்றைக்கே எடுத்துப் போடுங்கள். தடுக்கினால் இணைப்பைக் குறை சொல்லாதீர்கள், பெட்டியை உதைக்காதீர்கள். குதிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். யார் யாருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே நின்றவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். மழுப்பாதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட வேண்டிய நாள் வருமுன், அவர் பெயரை, முழுப் பெயரை, வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்லுங்கள்.

சொல்லுங்கள்.